நியூகேற் மறியற்சாலையின் பாலர் வகுப்பு



பாடசாலையொன்றைத் தொடங்க விரும்புவோர் முதலில் காணி தேடுவர். பின்னர் கட்டிடம், தளபாடம், ஆசிரியர் என்பன அமைய வேண்டும். இவை யாவும் ஒழுங்கான பின்னரே பிள்ளைகள் வருவார்கள். இந்த ஒழுங்கு தலைகீழாக நிகழ்ந்த பாடசாலையொன்றைப் பற்றி இன்று உங்களோடு பேச விரும்புகின்றேன். அங்கே பிள்ளைகளே முதலில் இருந்தார்கள். அவர்களை வீடு வீடாகச் சென்று தேட வேண்டியிருக்கவில்லை. அவர்கள் எங்கும் போய்விடாதபடி இரும்புக் கதவு பூட்டியிருந்தது. ஆசிரியையோ களவுக் குற்றத்துக்காக அதே கதவினுள் அடைபட்டிருந்த ஒருத்தி. கட்டிடம், எவரும் பயன்படுத்தாது கிடந்த ஒரு சிறையறை. இப்பாடசாலை 1817 ஆம் ஆண்டின் தொடக்கத்திலே, இலண்டன் மாநகரின் நியூகேற் மறியற்சாலையினுள்ளே உருப்பெற்றது.

நியூகேற் என்பது இலண்டன் நகரின் பழைய மதில் வாயில்களுள் ஒன்றின் பெயர். பன்னிரண்டாம் நூற்றாண்டு தொட்டு அவ்விடத்தில் ஒரு சிறை இருந்து வந்தது. 1780 ஆம் ஆண்டின் கோர்டன் கலகத்தின்போது கலகக்காரர் அதற்குத் தீ மூட்டினர். அது மீண்டும் கட்டப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதன் பெண்கள் பகுதியில் ஏறக்குறைய முந்நூறு பெண்கள் தத்தம் பிள்ளைகளோடு நெருங்கிக் கிடந்தனர். இரண்டு கூடங்களும் இரண்டு சிற்றறைகளுமே அவர்களுக்கு இருந்த இடம். விசாரணைக்காகக் காத்திருப்பவள், தண்டனை பெற்றவள், தூக்குக்கு நாள் குறிக்கப்பட்டவள் என்ற வேறுபாடு அங்கு இல்லை. சமைப்பதும் துவைப்பதும் உறங்குவதும் ஒரே தரையில். உடையும் படுக்கையும் சிறையிலிருந்து கிடைப்பதில்லை. இத்தனை பேருக்கும் காவலாக இருந்தவர்கள் ஒரு முதியவரும் அவருடைய மகனுமே. கம்பிகளுக்கு அப்பால் எவரேனும் தென்பட்டால், நீண்ட தடியில் மரக்கரண்டியைக் கட்டி நீட்டிப் பெண்கள் காசு கேட்பார்கள். கிடைத்த காசு சிறைக்குள்ளேயே விற்கப்பட்ட மதுவுக்குப் போகும். சிறையின் அதிபதியே தனித்து அப்பகுதிக்குள் நுழையத் தயங்கினார் என்றால், மற்றவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

இந்தக் கூட்டத்தின் நடுவே பிள்ளைகள் வளர்ந்தார்கள் என்பதை நாம் நிறுத்தி நினைக்க வேண்டும். அவர்கள் ஏன் அங்கே இருந்தார்கள்? குற்றம் செய்தார்கள் என்பதற்காக அன்று. கொண்டுபோய் விடுவதற்கு வேறு இடம் இல்லை என்பதற்காக. தாய் சிறை சென்றால் பால்குடிக் குழந்தையும் அவளோடு செல்லும். அவள் எதற்காகச் சென்றாள் என்பதையும் மறந்துவிடலாகாது. அந்நாளில் இங்கிலாந்தின் சட்டத்தில் தூக்குத் தண்டனைக்குரிய குற்றங்கள் இருநூறுக்கு மேல் இருந்தன. கடையிலே துணி திருடுவதும் அவற்றுள் ஒன்று. 1777 ஆம் ஆண்டில் சேர் வில்லியம் மெரடித் என்பார் பாராளுமன்றத்தில் ஆற்றிய உரையொன்றில், மேரி ஜோன்ஸ் என்ற இளம்பெண்ணின் வரலாற்றை எடுத்துரைத்தார். கணவனை அரசாங்கம் கடற்படைக்குப் பலவந்தமாகப் பிடித்துச் சென்றது, வீடு போயிற்று, இரு குழந்தைகளோடு தெருவுக்கு வந்தாள். கடையொன்றில் ஒரு துண்டுத் துணியை எடுத்தாள். கடைக்காரர் கண்டதும் திரும்ப வைத்துவிட்டாள். ஆயினும் அவள் தூக்கிலிடப்பட்டாள். கொலைக்களத்துக்கு வண்டியிற் செல்லும்போது குழந்தை அவள் மார்பில் பால் குடித்துக்கொண்டிருந்தது என்றார் மெரடித். உரையைச் சபை கேட்டது. சட்டம் மாறப் பின்னும் பல ஆண்டுகள் சென்றன.

இனி நம் கதைக்குரிய அம்மையாரிடம் வருவோம். எலிசபெத் பிரை 1780 ஆம் ஆண்டு மே மாதம் 21 ஆம் தேதி நொறிச் நகரத்திலே, கேர்ணி என்னும் செல்வக் குடும்பத்திலே பிறந்தார். அக்குடும்பத்தினர் குவேக்கர் என வழங்கும் நண்பர் சங்கத்தைச் சேர்ந்தவர்கள். எலிசபெத்தின் பன்னிரண்டாம் வயதில் தாயார் இறந்தார். இளம் பெண்ணாயிருந்த காலத்திலேயே தம் வீட்டின் துணி வெளுக்கும் அறையில் அயலிலுள்ள ஏழைப் பிள்ளைகளைக் கூட்டி எழுத்துக் கற்பித்தார். எழுபது பிள்ளைகள் வரை அங்கு வந்து சேர்ந்ததாக அறிகிறோம். சகோதரிகள் அப்பிள்ளைகளை எலிசபெத்தின் குட்டிச் சாத்தான்கள் என்று கேலி செய்தார்களாம். 1800 ஆம் ஆண்டில் யோசேப் பிரை என்ற தேயிலை வணிகரை மணந்தார். பதினொரு பிள்ளைகளைப் பெற்றெடுத்தார். சிறைத் திருத்தத்தின் தாய் என்று சரித்திர நூல்கள் அவரைக் குறிப்பிடும்போது, வகுப்பறை அனுபவம் அதற்கு முந்தியது என்பதை அவை போதியளவு கவனிப்பதில்லை. ஆசிரியத் தொழிலில் உள்ளவன் என்ற பக்கச்சார்பு எனக்கு உண்டு. அதை ஒப்புக்கொண்டே இதைச் சொல்கின்றேன்.

1813 ஆம் ஆண்டின் தொடக்கத்தில், கடுங்குளிர் காலத்தில், பிரான்சிற் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த ஸ்டீபன் கிறெலே என்ற குவேக்கர் நியூகேற்றைப் பார்வையிட்டார். சிறையிற் பிறந்த குழந்தைகள் உடையின்றிக் கிடந்த காட்சியைக் கண்டு, நேரே எலிசபெத் பிரையிடம் சென்று சொன்னார். அம்மையார் அன்றே அயலிலுள்ள பெண்களை அழைத்து, மெல்லிய கம்பளித் துணியில் குழந்தைச் சட்டைகள் தைப்பித்தார். அவற்றை எடுத்துக்கொண்டு, அன்னா பக்ஸ்ரன் என்ற தோழியோடு மறியற்சாலைக்குச் சென்றார். கைக்கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிட்டுப் போகுமாறு அதிகாரிகள் எச்சரித்தனர், அவர் கேட்கவில்லை. இறந்த குழந்தையொன்றின் மேலிருந்த துணியை உரித்து, உயிரோடிருந்த மற்றொரு குழந்தைக்கு இரு பெண்கள் அணிவித்துக்கொண்டிருந்ததை அங்கே காண நேர்ந்தது என்பது அக்காலத்தவர் எழுதிவைத்த செய்தி. அன்று அவர் கொண்டு சென்ற சட்டைகள் எத்தனை குழந்தைகளுக்குப் போதுமானவையாயிருந்தன என்று நான் எண்ணுவதுண்டு.

அதன்பின் ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் அவர் நியூகேற்றுக்குத் திரும்பவில்லை. பேறுகாலங்கள், குடும்பத்தின் பணக் கஷ்டம், நோய் என்பன தடுத்தன. 1815 ஆம் ஆண்டு நவம்பரில் அவருடைய மகள், தாயின் பெயரையே கொண்ட சிறுமி, ஐந்து வயது நிறையுமுன் இறந்தாள். பெரியோரின் வரலாற்றை எழுதுவோர் இத்தகைய இடைவெளிகளை விரைந்து கடந்துவிடுவர். எனக்கோ இவ்விடைவெளியிலேதான் பாடசாலை பிறந்தது என்று தோன்றுகின்றது. 1813 ஆம் ஆண்டில் சட்டை கொண்டு சென்றவர் இரங்கிய ஒரு சீமாட்டி. 1816 ஆம் ஆண்டு இறுதியில் திரும்பிச் சென்றவர் பிள்ளையைப் பறிகொடுத்த தாய்.

இம்முறை தம்மைப் பெண்களோடு தனியே விடும்படி கேட்டார். உள்ளே சென்றதும் ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டார். குற்றமறியாத இந்தப் பிள்ளைகளுக்கு நாம் ஏதேனும் செய்யலாகாதா என்ற கருத்தில் தாய்மாரிடம் வினவினார். அவர் உபதேசம் செய்யவில்லை. திட்டமொன்றை வரைந்துகொண்டு சென்று வாசிக்கவும் இல்லை. கேட்டார். பாடசாலை வேண்டும் என்று தாய்மார் ஒரு முகமாகச் சொன்னார்கள். அப்படியாயின் ஆசிரியை யார் என்பதை நீங்களே தெரிவு செய்யுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தார். மறுமுறை சென்றபோது, மேரி கொனர் என்ற இளம்பெண்ணைத் தெரிந்து வைத்திருந்தார்கள். கைக்கடிகாரம் திருடியதற்காக அண்மையில் சிறைக்கு வந்தவள். எழுத வாசிக்க நன்கு அறிந்தவள். ஆசிரியர் நியமனத்தில் பெற்றோரின் கருத்து இவ்வளவு தூரம் மதிக்கப்பட்ட வேறோர் உதாரணம் என் அனுபவத்தில் இல்லை. நமது நாட்டில் இதற்கு எத்தனை சுற்றுநிருபங்கள் வேண்டியிருக்கும் என்பதை அதிபர் பதவியிலுள்ளோர் அறிவர்.

இனி அதிகாரிகளின் அனுமதி. சிறையதிபதி, நகரத்தின் ஷெரிப் உத்தியோகத்தர், சிறைக் குருவானவர் ஆகியோர் கூடினர். நோக்கம் மிக நல்லது என்றனர். ஆனால் இந்தப் பெண்களிடம் இது நடவாது என்றும், வகுப்புக்கு ஒதுக்க அங்கே இடம் கிடையாது என்றும் கூறினர். இடமின்மைதானா தடை என்று அம்மையார் கேட்டார், ஆம் என்றனர். பெண்கள் பகுதியைச் சுற்றிப் பார்த்து, பயனின்றிக் கிடந்த ஓர் அறையைக் காட்டினார். வேறு மறுப்புச் சொல்ல வழி இருக்கவில்லை. மறுநாளே வகுப்புத் தொடங்கியது.

பிள்ளைகளுக்கும் இருபத்தைந்து வயதுக்குட்பட்ட இளம் கைதிகளுக்கும் என்று அவ்வகுப்பு அமைந்தது. அறை சிறிது, முப்பது பேரளவுக்கே இடம். முதல் நாள் வாசலில் திரண்டு நின்றவர்கள் பிள்ளைகள் மட்டுமல்லர். தமக்கும் இடம் தருமாறு வளர்ந்த பெண்கள் கெஞ்சினார்கள். இடமில்லை என்று அவர்களைத் திருப்பியனுப்ப வேண்டியிருந்தது. நியூகேற் பெண்கள் சீர்திருத்தம் என்று பின்னர் உலகம் புகழ்ந்த யாவும் இந்த வாசலிலேதான் தொடங்கின. தாய்மாருக்கும் தொழிலும் படிப்பும் வேண்டும் என்று அம்மையார் நினைத்தது பிள்ளைகளின் வகுப்பைப் பார்த்த பின்னரே. 1817 ஏப்ரிலில் பன்னிரு பெண்கள் சேர்ந்து ஒரு சங்கம் அமைத்தனர். அவர்களுள் பதினொருவர் குவேக்கர், ஒருவர் குருவானவரின் மனைவி. தையல் வேலைக்கு வழி செய்தனர். பெண்களைக் கண்காணிக்கப் பெண்ணொருவரை நியமித்தனர். விதிகள் ஒவ்வொன்றாக வாசிக்கப்பட்டன. கைதிப் பெண்கள் ஒவ்வொரு விதிக்கும் கையுயர்த்திச் சம்மதம் தந்தனர். பிச்சை கேட்டலும் சூதாட்டமும் சண்டையும் விலக்கப்பட்டன. நாவல்களும் நாடகங்களும்கூட விலக்கப்பட்டன. குவேக்கரின் கண்டிப்பு அத்தகையது. இலக்கியம் படித்துப் பட்டம் பெற்றவன் என்ற முறையில் இவ்விதிக்கு மட்டும் நான் கையுயர்த்தியிருக்க மாட்டேன்.

மேரி கொனரைப் பற்றி ஒரு சொல். தான் ஏற்ற கடமையில் அவள் ஒருநாளும் தவறியதில்லை என்று அம்மையாரின் சங்கத்தார் எழுதி வைத்தனர். சுமார் பதினைந்து மாதங்களுக்குப் பின் அவளுக்கு மன்னிப்புக் கிடைத்தது. ஆனால் அதற்குள் காசநோய் பற்றிவிட்டது. சிறிது காலத்தில் இறந்தாள். பாலர் கல்வியின் சரித்திரத்தில் அவள் பெயர் அருமையாகவே காணப்படுகின்றது.

1818 பெப்ரவரியில் எலிசபெத் பிரை பாராளுமன்றக் குழுவொன்றின் முன் சாட்சியம் அளித்தார். அதே ஆண்டில் அவர் கவனம் சிறையிலிருந்து கப்பலுக்குச் சென்றது. நாடு கடத்தல் தண்டனை பெற்ற பெண்களை அந்நாளில் அவுஸ்திரேலியாவுக்கு அனுப்பினார்கள். கப்பலுக்குக் கொண்டு செல்லும்போது திறந்த வண்டிகளில் ஏற்றுவது வழக்கம். வழிநெடுகச் சனங்கள் கூடிநின்று கூச்சலிட்டுச் சேறு வீசுவர். மேரியா என்ற கப்பலுக்கு நியூகேற் பெண்கள் புறப்பட்டபோது மூடிய வண்டிகளை ஒழுங்கு செய்வித்தார். தாமும் தம் வண்டியில் பின்தொடர்ந்தார். அக்கப்பலில் 128 பெண்களும் அவர்களுடைய பிள்ளைகளும் இருந்தனர். பெண்களைச் சிறு குழுக்களாகப் பிரித்தனர். ஒட்டுத் துணிகளைக் கொடுத்து வழியில் தைக்கச் செய்தனர். கற்கும் வயதிலுள்ள பிள்ளைகளுக்காகக் கப்பலின் பின்புறத்தில் ஒரு மூலையை ஒதுக்கி, கைதிகளுள் ஒருத்தியை ஆசிரியையாக வைத்தனர். மாதக்கணக்காகக் கடலில் ஆடிச் சென்ற பாடசாலை அது.

ஆயினும் எல்லாப் பிள்ளைகளும் தாயோடு கப்பலேறவில்லை. தூரத்து ஊர்ச் சிறைகளிலிருந்து விலங்கிட்டுக் கொண்டுவரப்பட்ட தாய்மாரிற் சிலரின் பிள்ளைகள் ஊரிலேயே பிரித்து வைக்கப்பட்டிருந்தனர். இவர்களுக்காக அம்மையாரும் தோழியரும் உள்நாட்டு அமைச்சின் கதவை மீண்டும் மீண்டும் தட்ட வேண்டியிருந்தது.

எல்லோரும் இதைப் பாராட்டினர் என்று எண்ண வேண்டாம். சிட்னி ஸ்மித் என்ற புகழ் பெற்ற எழுத்தாளர் அம்மையாரின் நற்குணத்தை மெச்சினார், முறையை ஏற்கவில்லை. சிறை அச்சம் தருவதாக இருக்க வேண்டும், தொழிற்சாலையாகவும் பள்ளிக்கூடமாகவும் ஆகிவிடலாகாது என்பது அவர் கட்சி. 1823 ஆம் ஆண்டின் சிறைச் சட்டம் பெண்களை ஆண்களிலிருந்து பிரித்து வைக்கவும், பெண் காவலரை நியமிக்கவும் விதித்தது. ஆயினும் பின்வந்த பல பத்தாண்டுகளில் இங்கிலாந்தின் சிறைகளில் ஸ்மித்தின் கட்சியே மேலோங்கியது. அந்தக் கட்சியினரின் வாதத்தில் பிள்ளைகளைப் பற்றிய பேச்சே கிடையாது. சிறை கொடியதாக இருக்க வேண்டும் என்று வாதிடுவோர், அதனுள் இரண்டு வயதுக் குழந்தையும் இருக்கிறது என்பதை நினைவூட்டினால் பதில் சொல்லத் தடுமாறுவர்.

அவ்வாறு தடுமாறாமல் ஓர் அரசாங்கம் விடை கண்ட இடத்தையும் நாம் பார்க்க வேண்டும். 1841 ஆம் ஆண்டு றாஜா என்ற கப்பல் இங்கிலாந்திலிருந்து 180 பெண்களை ஏற்றிச் சென்றது. அம்மையாரின் சங்கம் கொடுத்த துணியையும் நூலையும் கொண்டு அவர்கள் வழியில் தைத்த பெரிய ஒட்டுத்துணிப் போர்வை இன்று கன்பரா நகரத்துத் தேசியக் கலைக்கூடத்தில் இருக்கின்றது. அக்கப்பல் சென்றடைந்த துறை, இப்போது தஸ்மேனியா என வழங்கும் தீவிலுள்ள ஹோபாட். அந்நகரில் 1828 ஆம் ஆண்டு முதல் கஸ்கேட்ஸ் என்னுமிடத்தில் பெண்கள் சிறையொன்று இருந்தது. மதுவடிக்கும் சாலையாக இருந்த கட்டிடம் அது. மலையடிவாரப் பள்ளத்தில், ஓடையின் அருகே, வெயில் குறைந்த ஈரமான நிலம். அங்கிருந்து பெண்களைக் குடியேறிகளின் வீடுகளுக்கு வேலைக்கு அனுப்புவர். வேலைக்குச் சென்ற இடத்தில் கருவுற்றால் அவள் சிறைக்குத் திருப்பியனுப்பப்படுவாள். பிரசவத்தின் பின் சில மாதங்களே பிள்ளைக்குப் பாலூட்டலாம். பின்னர் பால் மறக்கச் செய்து, பிள்ளையைச் சிறையின் குழந்தையகத்தில் மற்றவரிடம் விட்டுவிட்டு, கருவுற்ற குற்றத்துக்கான தண்டனையைத் தாய் அனுபவிக்க வேண்டும். ஈரச் சுவர்களுக்கிடையே நெருக்கமாய் அடைக்கப்பட்ட, தாய்ப்பால் நிறுத்தப்பட்ட குழந்தைகள் பெருந்தொகையாக இறந்தன. 1838 ஆம் ஆண்டில் ஒரு குழந்தையின் மரண விசாரணை நகரத்துப் பத்திரிகைகளைக் கொதித்தெழச் செய்தது. குழந்தையகத்தை நகருக்குள் லிவர்பூல் வீதிக்கு மாற்றினர், சாவு நிற்கவில்லை.

பிழைத்த குழந்தைகள் இரண்டு மூன்று வயதானதும் நியூ டவுனிலிருந்த அநாதைப் பாடசாலைக்கு அனுப்பப்பட்டனர். தாய் உயிரோடிருக்க, சில மைல் தொலைவில் அவர்களுக்கு அநாதைகள் என்று பெயர். நியூகேற்றும் கஸ்கேட்ஸும் ஒரே அரசாட்சியின் கீழ், ஒரே தலைமுறையில் இருந்தவை. முன்னதில் தாய்மாரைக் கேட்டு வகுப்பு அமைத்தார்கள். பின்னதில் தாய்மாரைத் தண்டிக்கும் கருவியாகப் பிள்ளையைப் பயன்படுத்தினார்கள். கஸ்கேட்ஸ் இடிபாடுகள் 2010 ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்டன.

எலிசபெத் பிரை 1845 ஒக்டோபர் 12 ஆம் தேதி இறந்தார். நியூகேற் சிறை 1904 ஆம் ஆண்டளவில் இடிக்கப்பட்டு, அவ்விடத்தில் 1907 ஆம் ஆண்டில் ஓல்ட் பெய்லி நீதிமன்றம் திறக்கப்பட்டது. ஆனால் நியூகேற்றில் எழுந்த கேள்வி இடிபடவில்லை.

ஒரு நூற்றாண்டுக்குப் பின் அக்கேள்வி உலக அரங்குக்கு வந்தது. 1955 ஆம் ஆண்டு ஜெனீவாவிற் கூடிய ஐக்கிய நாடுகள் மகாநாடு கைதிகளை நடத்தும் முறைக்கு ஆகக் குறைந்த நியமங்களை வகுத்தது. இயன்றவரை பிரசவம் சிறைக்கு வெளியேயுள்ள வைத்தியசாலையில் நிகழ வேண்டும். சிறையிலே பிறந்தால் அச்செய்தி பிறப்புப் பத்திரத்தில் இடம்பெறலாகாது. பால்குடிக் குழந்தைகள் தாயோடு இருக்குமிடத்தில் தகுதி பெற்றோர் நடத்தும் குழந்தையகம் வேண்டும் என்பன அவற்றுட் சில. 2010 டிசம்பரில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஏற்ற பாங்கொக் விதிகள் இன்னும் ஒருபடி சென்றன. தாயோடிருக்கும் பிள்ளையை ஒருபோதும் கைதியாக நடத்தலாகாது என்றும், அதன் வளர்ப்புச் சூழல் வெளியுலகப் பிள்ளையின் சூழலுக்கு இயன்றளவு நெருங்கியதாக இருக்க வேண்டும் என்றும் அவை கூறின. கர்ப்பிணிகளையும் சிறு பிள்ளைகளையுடைய தாய்மாரையும் இயன்றவரை சிறைக்கு அனுப்பாது வேறு தண்டனை விதிப்பதே விரும்பத்தக்கது என்றும் அவை கூறுகின்றன. இந்தக் கடைசி விதியே முதல் விதியாக இருந்திருக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

அயல்நாடான இந்தியாவில் இவ்விடயம் நீதிமன்றத்தில் விரிவாக ஆராயப்பட்டது. ஆர். டி. உபாத்தியாய் என்பவருக்கும் ஆந்திரப் பிரதேச அரசுக்கும் இடையிலான வழக்கில், 2006 ஏப்ரில் 13 ஆம் தேதி உயர் நீதிமன்றம் அளித்த தீர்ப்பில் சிறைப் பிள்ளைகளைப் பற்றிய ஆய்வுகள் எடுத்துக்காட்டப்பட்டன. தெருவிலே சாதாரண விலங்கைக் கண்டாலும் அஞ்சும் பிள்ளைகள். சிறைக்கு வெளியே வீடு என்பது எவ்வாறு இருக்கும் என்பதை அறியாத பிள்ளைகள். பெண்களிடையே மட்டும் வளர்ந்த ஆண் பிள்ளைகள் பெண்பாலிற் பேசினார்கள் என்றும் அங்கே ஒரு குறிப்பு உண்டு. இதைத் தமிழர் உடனே விளங்கிக்கொள்வது கடினம். ஹிந்தி மொழியில் நான் போகிறேன் என்று சொல்வதிலும் ஆண்பால் பெண்பால் வேறுபாடு உண்டு. நம் தமிழில் தன்மை வினைக்குப் பால் இல்லை. ஆகவே நமது பிள்ளையொன்று அவ்வாறு வளர்ந்திருந்தால், அந்த வடு அதன் பேச்சில் வெளிப்படாது; நாம் கவனியாமலே விட்டுவிடுவோம்.

அத்தீர்ப்பு ஆறு வயதை எல்லையாக வைத்தது. மூன்று வயதுக்குட்பட்டோருக்குக் குழந்தையகமும், மூன்று முதல் ஆறு வயது வரையுள்ளோருக்குப் பாலர் பள்ளியும் வேண்டும். அவை சிறை மதிலுக்கு வெளியே இருப்பது விரும்பத்தக்கது. ஆறு வயதானபின் பிரிக்கப்படும் பிள்ளை தாயை வாரம் ஒருமுறையேனும் காண வேண்டும் என்றது. சிறையிற் பிறந்த குழந்தைக்குப் பெயர் சூட்டும் சடங்கு நடத்த வசதி செய்யப்பட வேண்டும் என்றும் அதில் உண்டு. நீதியரசர்கள் உணவின் அளவைக் குறித்ததைக் காட்டிலும் இதைக் குறித்தது என் மனதைத் தொட்டது. முப்பத்தோராம் நாள் துடக்குக் கழித்து உற்றார் நடுவே பெயர் வைக்கும் நமது வழக்கத்தை நினைத்துப் பாருங்கள்.

எந்த வயதில் பிரிப்பது என்பதில் நாடுகள் உடன்படவில்லை. இங்கிலாந்தின் தாய்-சேய்ப் பிரிவுகளில் பொதுவாகப் பதினெட்டு மாதம். இந்தியாவில் ஆறு வயது. முன்னது பிள்ளையைச் சிறையிலிருந்து காக்கின்றது; பின்னது தாயிழப்பிலிருந்து காக்கின்றது. இரண்டையும் ஒருங்கே காக்கும் வயது ஒன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஐந்து வயதுப் பிள்ளைகளை முதலாந் தரத்திற் சேர்க்கும் தொழிலில் இருக்கும் எனக்கு, வயதைக் காட்டிலும் பகற்பொழுதே முக்கியமாகப் படுகின்றது. நேபாளத்தில் புஷ்பா பஸ்னெத் என்ற பெண், கல்லூரி மாணவியாயிருந்த நாளில், 2005 ஆம் ஆண்டில் இதையே செய்தார். காத்மண்டு சிறையிலிருந்து பிள்ளைகளைக் காலையில் வெளியே அழைத்துச் சென்று, பாலர் நிலையமொன்றிற் படிப்பும் விளையாட்டும் உணவும் கொடுத்து, மாலையில் தாயிடம் ஒப்படைத்தார். முதலில் தாய்மாரின் நம்பிக்கையைப் பெறவே அவர் பெரிதும் முயல வேண்டியிருந்தது. சற்று வளர்ந்த பிள்ளைகளுக்கு விடுதியும் பின்னர் அமைந்தது. நமது நாட்டில் வெலிக்கடைப் பெண்கள் சிறையிலும் சிறு பிள்ளைகள் தாய்மாரோடு இருந்து வருகின்றனர். சிறுவர் உரிமைகள் சமவாயத்தை இலங்கை 1991 ஆம் ஆண்டிலேயே ஏற்றுக்கொண்டுள்ளது.

இவற்றை நான் நூல்களில் தேடத் தொடங்கியதற்குக் காரணம் ஒரு மாணவன். சில வருடங்களுக்கு முன், தவணை தொடங்கிய பின், ஒரு மூதாட்டி தன் பேரனை முதலாந் தரத்திற் சேர்க்கக் கொண்டுவந்தார். சேர்வு இடாப்பை நிரப்பிக்கொண்டே தாயின் தொழில் என்ன என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. மூதாட்டி பிள்ளையை வெளியே போய் நிற்கச் சொல்லிவிட்டு, "மகள் மறியலில ஐயா. இவன் போன மாதம் வரைக்கும் அவளோடதான் இருந்தவன்" என்றார்.

பிள்ளை அமைதியானவன், பென்சிலைச் சரியாகப் பிடித்தான், உணவைப் பகிர்ந்து உண்டான். ஒரு பழக்கம் மட்டும் ஆசிரியைக்கு விளங்கவில்லை. வகுப்பறைக் கதவு திறந்தே கிடக்கும். இடைவேளை மணி அடித்ததும் மற்றவர்கள் ஓடிவிடுவர். அவன் வாசற்படியின் உட்புறத்தில் நிற்பான். எவரேனும் போ என்று சொன்னால் மட்டுமே போவான். ஒருநாள் மாலையில் அலுவலகத்துக்கு வந்து, "சேர், எத்தின மணிக்குக் கதவு பூட்டுவினம்?" என்று என்னிடம் கேட்டான். இங்கே பூட்டுவதில்லை, இரண்டு மணிக்கு அம்மம்மா வருவா என்றேன். மறுநாளும் வந்து அதையே கேட்டான். ஒரு தவணை முழுவதும் கேட்டான். பிறகு கேட்பதை விட்டுவிட்டான்; இடைவேளை மணிக்கு மற்றவர்களோடு ஓடவும் தொடங்கினான்.

அவனுடைய தாய் மூன்றாந் தரத்தின் நடுப்பகுதியில் விடுதலையாகி வந்தாள். படலைக்கு வெளியே நின்றாள். உள்ளே வரத் தயங்கினாள். காவலாளியை அனுப்பி அழைப்பித்து, இடாப்பிலே தாயின் கையொப்பத்துக்குரிய இடத்தில் ஒப்பமிடச் செய்தேன். தொழில் என்ற கட்டத்தை அன்று நான் வெறுமையாக விட்டிருந்தேன். அதை அவளே வாசித்துப் பார்த்து, "தையல் எண்டு போடுங்கோ சேர், உள்ளுக்கை பழகினனான்" என்றாள். அப்படியே எழுதினேன்.